பாடாத பாட்டுக்குப் பேரு, பாடின பாட்டுக்குப் பட்டை நாமம்

2024 செப்டம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. 9ஆம் தேதி ரஜினியின் 'வேட்டையன்' படத்திலிருந்து 'மனசிலாயோ' பாட்டு வெளியானது. பாடியவர்கள் பட்டியலில் மலேசியா வாசுதேவன் பெயர் இருந்தது. மனிதர் காலமானது 2011 பிப்ரவரி 20. பதின்மூன்றரை வருஷம் கழித்து எப்படிப் பாடினார்? பாடவில்லை. செயற்கை நுண்ணறிவை வைத்து அவர் குரலைப் போலவே ஒன்றைச் செய்து அனிருத் அதில் சேர்த்திருந்தார். வாசுதேவனின் மகன் யுகேந்திரனும் அதே பாட்டில் பாடியிருக்கிறார். ஊரெல்லாம் இதே பேச்சு. தலைவருக்கு மறுபடியும் அந்தக் குரல் வந்துவிட்டது என்று ஒரே புல்லரிப்பு, ஒரே கண்ணீர்.

சரியாகப் பதினோரு நாள் கழித்து, 20ஆம் தேதி 'லப்பர் பந்து' வந்தது. அட்டகத்தி தினேஷ் மட்டையைத் தூக்கிக்கொண்டு களத்துக்குள் நடந்து வரும்போது 1989இல் வெளிவந்த 'பொன்மனச் செல்வன்' படத்தின் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்கும். தியேட்டரில் விசில் அடங்க வெகு நேரம் ஆனது. அதற்கப்புறம் திருவிழா மைக் செட், கல்யாண மண்டபம், கல்லூரி ஆண்டு விழா, டென்னிஸ் பந்து டோர்னமெண்ட் என்று எங்கே போனாலும் அதுதான். 'கேப்டன் பாட்டு' என்றார்கள். 'ராஜா ராஜாதான்யா' என்றார்கள். பாடியது யார்? அதே மலேசியா வாசுதேவன். இந்த முறை நிஜமாகவே ஒலிவாங்கி முன்னால் நின்று, மூச்சைப் பிடித்து, வியர்வை வழியப் பாடியது. இங்கே அவர் பெயரைச் சொல்ல ஆளைக் காணோம்.

ஒரே மாதம்தான். அவர் பாடாத பாட்டின் விளம்பரத்திலேயே அவர் பெயர். பாடின பாட்டில் அவர் யாரோ. இதற்குப் பெயர் பழைய பாடகரை மீண்டும் கண்டெடுப்பதாம்!

இந்தக் கண்டெடுக்கும் வேலையை இப்போது ரொம்ப மும்முரமாகச் செய்கிறவர்கள் நாற்பத்தைந்து, ஐம்பது வயதைத் தொட்டவர்கள். எண்பதுகளில் பள்ளிக்கூடம் போனவர்கள். குடும்பத்துக்கு ஒரு சித்தப்பாவாவது இந்த வகையில் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு பழைய பாட்டைத் தேடிப் பிடித்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டு, 'அதெல்லாம் ஒரு காலம்' என்று எழுதுவார். கூடவே தெருமுனை டீக்கடை, கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை, சைக்கிளில் பின்னாலேயே போன யாரோ ஒரு பெண் எல்லாம் வரிசையாக வரும். நல்லது, ரசிக்கட்டும். ஆனால் அவர் கண்டெடுத்தது எந்தப் பாடகரையும் இல்லை. தன் பதினாறு வயதைத்தான். பாடகர் அந்த வயதுக்குப் பின்னணி இசை, அவ்வளவே. கேசட் கடையில் அவர் அன்று எழுதிக் கொடுத்த சீட்டில் பாட்டின் முதல் வரியும் படத்தின் பெயரும் மட்டும்தான் இருந்திருக்கும். இன்றைக்கும் அவர் அந்தச் சீட்டைத்தான் வைத்திருக்கிறார்.

இளவட்டங்கள் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. அவர்களுக்குப் பதினைந்து நொடி போதும். ஹீரோ நடந்து வரும் துண்டு, அதில் ஒரு வரி, முடிந்தது. 2021இல் 'டிக்கிலோனா' வந்தபோது 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தின் 'பேர் வச்சாலும்' பாட்டை யுவன் புதுப்பித்துச் சேர்த்தார். பாடியது வாசுதேவனும் எஸ்.ஜானகியும். அந்த வருஷம் அதற்கு ஆடாத ஆள் கிடையாது. ஆடினவர்களைப் பிடித்து ஆண் குரல் யாருடையது என்று கேட்டிருந்தால் பாதிப்பேர் எஸ்.பி.பி. என்றிருப்பார்கள். மீதிப்பேர் கமல் என்றிருப்பார்கள். :-)

சரி, யார் இந்த மனிதர்? 1944இல் மலேயாவில், ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். நடிப்பும் பாட்டும் ஆசையாகி சென்னைக்கு வந்தவர். இளையராஜா சகோதரர்களின் பாவலர் பிரதர்ஸ் மேடைகளில் பாடியவர். பெரிய திருப்பம் 1977இல் '16 வயதினிலே'. அந்தப் படத்தில் அவருக்குப் பாட்டு கிடைத்த கதை எல்லோருக்கும் தெரியும். எஸ்.பி.பி.க்குத் தொண்டை சரியில்லை, அதனால் இவரைக் கூப்பிட்டார்கள். கதை உண்மைதான். ஆனால் கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு வரும். ஒரு பாடகர் எப்படி வந்தார் என்று கேட்டால் இன்னொரு பாடகரின் தொண்டை வலியைச் சொல்கிறோம். நாற்பது வருஷத்துக்கு மேலாக அவர் வரலாற்றின் முதல் பக்கத்தில் எஸ்.பி.பி.தான் உட்கார்ந்திருக்கிறார். தொண்டை சரியானதும் எஸ்.பி.பி. திரும்பி வந்துவிட்டாரே, அப்புறமும் ஏன் இவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்? அதை யாரும் கேட்பதில்லை.

அதற்குப் பதில் '16 வயதினிலே'யையும் அடுத்த வருஷம் வந்த 'சிகப்பு ரோஜாக்க'ளையும் அடுத்தடுத்துக் கேட்டால் கிடைத்துவிடும். இரண்டுக்கும் இயக்குநர் பாரதிராஜா, இசை இளையராஜா, நடிகர் கமல். முதல் படத்தில் கமல் கோவணம் கட்டின சப்பாணி. இரண்டாவதில் கோட்டுப் போட்ட பணக்காரக் கொலைகாரன். இரண்டு ஆளுக்கும் வாசுதேவன்தான் பாடியிருக்கிறார். 'ஆட்டுக்குட்டி முட்டையிட்டு' பாடுகிறவனுக்குக் கள்ளம் கபடம் கிடையாது. குரலில் ஒரு வெகுளித்தனம், வாயைத் திறந்தால் மனசு வெளியே விழுந்துவிடும் போல இருக்கும். 'இந்த மின்மினிக்கு' பாடுகிறவன் நகரத்து ஆள். வார்த்தையை அழுத்தாமல் வழுக்கிக்கொண்டு போகிறான், இனிமைக்குள் ஏதோ ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறான். ஒரே தொண்டை. இந்த வித்தியாசத்தை ஆர்மோனியம் செய்யாது.

இங்கேதான் ராஜா ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். பாட்டு பிறந்தது ராஜாவின் தலைக்குள், எழுதி வைத்த ஸ்வரத்தை எழுதினபடி பாடுவதுதான் பாடகர் வேலை, வயலின்காரர் மாதிரி பாடகரும் ஒரு வாத்தியம் என்பார்கள். இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மெட்டு ராஜாவுடையது, அதில் ஒரு குண்டுமணிகூடப் பாடகருடையது கிடையாது. அப்படியே வைத்துக்கொண்டாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எந்த வாத்தியம் வேண்டும் என்று ராஜா தேர்ந்தெடுத்தாரே, அது ஏன்? பக்கத்தில் எஸ்.பி.பி., ஜேசுதாஸ், ஜெயச்சந்திரன் எல்லோரும் இருந்தார்கள். தானே பாடவும் ராஜாவுக்குத் தெரியும். அத்தனை பேரையும் விட்டுவிட்டு 'முதல் மரியாதை'க்கு (1985) இவரைக் கூப்பிட்டது அவரே கொடுத்த நற்சான்றிதழ். அதை ராஜா பக்தர்களே படிக்க மறுத்தால் என்ன செய்வது? ராஜா மட்டுமா கூப்பிட்டார்? சங்கர்-கணேஷ் 'கன்னிப் பருவத்தி'லேக்கும் கங்கை அமரன் 'சுவரில்லாத சித்திரங்க'ளுக்கும் 1979இல் கூப்பிட்டார்கள். டி.ராஜேந்தர் 1980இல் 'ஒரு தலை ராக'த்துக்குக் கூப்பிட்டார். தலைமுறை மாறி ஏ.ஆர்.ரஹ்மான் 1993இல் 'கிழக்குச் சீமையிலே'க்குக் கூப்பிட்டார்.

'முதல் மரியாதை'யிடம் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். சிவாஜியின் முகத்துக்கு முப்பது வருஷம் டி.எம்.எஸ். குரல். தமிழ்நாட்டுக்காரன் காதில் அந்த இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. சிவாஜி உதடு அசைத்தால் டி.எம்.எஸ். வர வேண்டும். அந்த முகத்துக்கு இன்னொருவர் பாடப் போனால் இரண்டே வழிதான் உண்டு. டி.எம்.எஸ். மாதிரியே பாடி ஒப்பேற்றலாம். அல்லது வேறு மாதிரி பாடி, 'இது சிவாஜி குரலே இல்லை' என்று திட்டு வாங்கலாம். 'பூங்காற்று திரும்புமா' பாட்டில் வாசுதேவன் டி.எம்.எஸ்.ஸைத் தொடவே இல்லை. திட்டும் வாங்கவில்லை. அந்தப் படத்து சிவாஜி கர்ஜனை செய்கிற சிவாஜி இல்லை, ஊருக்கு முன்னால் அழ முடியாத ஒரு பெரிய மனுஷன். குரலும் அதேபோல் அழுகைக்கு ஒரு படி முன்னாலேயே நின்றுகொள்கிறது. மேலே போகும்போது லேசாகக் கரகரக்கிறது, உடைவதில்லை. வயதான ஆண் ஏங்குவதை அசிங்கமாகவும் ஆக்காமல், பரிதாபமாகவும் ஆக்காமல் பாடுவது லேசுப்பட்ட காரியமா? அந்தப் படத்துப் பாட்டுகளுக்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது. கொடுக்க வேண்டியதுதான். பாடினவருக்கு அந்த வருஷம் மட்டும் இல்லை, சாகும்வரை தேசிய விருது கிடைக்கவே இல்லை.

(அதே 1985இல், அதே பாரதிராஜாவின் 'ஒரு கைதியின் டைரி'யில் மனிதர் வில்லனாக வேறு நடித்தார். ஒரு பக்கம் உருகவைத்தார், இன்னொரு பக்கம் திட்டு வாங்கினார். இந்த மாதிரி ஒரு வருஷம் வேறு எந்தப் பாடகருக்காவது வாய்த்திருக்கிறதா?)

பெயரை மறந்தது ஒரு பாவம் என்றால், ஞாபகம் வைத்திருப்பவர்கள் செய்யும் பாவம் வேறு. அவர்களுக்கு மலேசியா வாசுதேவன் என்றால் 'கிராமத்துக் குரல்'. 'முரட்டுக்காளை'யின் 'பொதுவாக எம்மனசு தங்கம்', பொங்கல், ஜல்லிக்கட்டு, வேட்டி, மீசை. வருஷத்துக்கு ஒரு தடவை மாட்டுப் பொங்கலுக்கு வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி பரண்மேல் போட்டுவிடலாம். இந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் 'பன்னீர் புஷ்பங்க'ளைக் கேட்டதே இல்லையா? 1981இல் வந்த படம், ஊட்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கதை. 'கோடைகாலக் காற்றே' பாட்டில் மீசையும் இல்லை, மண்வாசனையும் இல்லை. குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கும். அதே வருஷம் மகேந்திரனின் 'நண்டு', சிவசங்கரி நாவல். அதில் 'அள்ளித் தந்த பூமி' என்று ஒரு பாட்டு. வடக்கே பிறந்த ஒருவன் தன் ஊரை நினைக்கும் பாட்டு அது. அதைக் கேட்டுவிட்டு இவரை வேட்டிக்குள் அடைப்பவர் காதை டாக்டரிடம் காட்டுவது நல்லது. 'தர்மயுத்தம்' (1979), 'புதுக்கவிதை' (1982) ரஜினியை எடுத்துக்கொண்டால் அங்கேயும் இழையும் குரல்தான். ரஜினிக்குச் சண்டைக்காரப் பாட்டு மட்டும்தான் இவர் பாடினார் என்பது வெறும் கட்டுக்கதை.

இன்னொன்று. கிராமத்துக் குரல் என்கிறார்களே, அவர் எந்தக் கிராமம்? கடல் தாண்டிப் பிறந்து, வீட்டில் மலையாளம் இருந்த குடும்பத்தில் வளர்ந்தவர். தேனிப் பக்கத்துப் பேச்சின் இழுப்பும் நக்கலும் அவருக்குத் தாய்ப்பாலோடு வந்ததில்லை. காது கொடுத்துக் கேட்டு, நாக்கைப் பழக்கி, உழைத்துச் சம்பாதித்தது. 'மண்ணின் குரல்' என்று சொல்லும்போது பாராட்டுவது போல இருக்கும். உண்மையில் அந்த உழைப்பைக் கழித்துவிட்டு, பிறப்பிலேயே வந்தது என்று கணக்கு எழுதுகிறார்கள்.

கணக்கு என்று வந்த பிறகு காசைப் பேசாமல் விட முடியாது. காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். பாடகருக்குக் கிடைப்பது பாடின அன்றைய சம்பளம். பாட்டு முப்பத்தைந்து வருஷம் கழித்து இன்னொரு படத்தில் ஓடி வசூலைத் தூக்கிக் கொடுத்தாலும் அன்றைக்கு வாங்கின கூலி கூலிதான். 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில் பாடகர் என்ற ஆளே கிடையாது. 1994 திருத்தத்தில்தான் நிகழ்த்துவோர் உரிமை என்று ஒன்று உள்ளே வந்தது. அதிலும் ஒரு ஓட்டை. சினிமாவில் சேர்த்துக்கொள்ள ஒருமுறை சம்மதித்துவிட்டால் அந்த உரிமை அத்தோடு போச்சு. நம் ஊரில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு. அப்படியிருக்க அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய, நாக்கு வழிக்கவா? வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்று சட்டம் சொன்னது 2012 திருத்தத்தில். நடைமுறைக்கு வந்தது அந்த வருஷம் ஜூன் மாதம். வாசுதேவன் இறந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது.

ஆயுளிலும் பாரபட்சம். பாட்டை எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வாழ்நாள் முழுக்க, செத்த பின்னும் 60 வருஷம் உரிமை. பாடினவருக்குப் பாடின வருஷத்திலிருந்து 50 வருஷம். இருபது வயதில் பாடினவர் எழுபது வயதில் உயிரோடு உட்கார்ந்து, தன் பாட்டு தன் கையை விட்டுப் போவதைப் பார்க்கலாம். 2017இல் எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது ஞாபகம் இருக்கும். தான் பாடிப் பெயர் வாங்கின பாட்டை மேடையில் பாட அவருக்கே அனுமதி வேண்டும் என்றார்கள். சட்டப்படி இசையமைப்பாளர் கேட்டதில் நியாயம் இருக்கலாம். ஆனால் பாடகர் தன் பாட்டில் எவ்வளவு பெரிய பங்குதாரர் என்பது அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்துபோனது.

2024 ஏப்ரலில் இன்னும் பெரிய கூத்து. இளையராஜா பாட்டுகள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில், பாட்டு எழுதினவர் உரிமை கேட்டால் என்ன ஆகும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு கேள்வியைப் போட்டது. உடனே வைரமுத்து இசை பெரிதா மொழி பெரிதா என்று பேச, கங்கை அமரன் அவர் மேல் பாய, வாரக்கணக்கில் ஊர் இரண்டுபட்டது. வரியா மெட்டா, மெட்டா வரியா என்று ஒரே ரகளை. அத்தனை சத்தத்தில் மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறாரே, வரியையும் மெட்டையும் சேர்த்துக் காற்றில் விட்டவர், அவருக்கு என்ன என்று எந்தப் பக்கமும் கேட்கவில்லை. காகிதத்தில் இருக்கும் வரியை யாரும் முணுமுணுப்பதில்லை. முணுமுணுக்கும்போது ஒவ்வொருவரும் காப்பியடிப்பது பாடகரைத்தான்.

முன்பு வானொலியில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. இலங்கை வானொலியிலும் விவித பாரதியிலும் பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். கேட்டுக் கேட்டே சனங்களுக்குப் பெயர்கள் மனப்பாடம் ஆயின. 2000க்குப் பிறகு வந்த தனியார் பண்பலைகளில் அதற்கு நேரமில்லை. தொகுப்பாளர் பேச வேண்டும், சிரிக்க வேண்டும், நகைக்கடை விளம்பரம் போட வேண்டும். பாட்டுச் செயலிகளில் நான்கைந்து பெயர் வரிசையாக ஓடும். அதில் யார் வாய், யார் கை என்று பிரித்துக் காட்ட ஏற்பாடு இருக்காது. ஒரு வரி சொல்ல ஆகும் நேரம் நாலு நொடி. அந்த நாலு நொடியை மிச்சம் பிடித்துவிட்டு, ஒரு மனிதரின் குரலைக் கணினியில் செய்ய லட்சக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருக்கிறது இந்தத் தொழில்.

அந்த இயந்திரக் குரலையும் நியாயமாகப் பேச வேண்டும். குடும்பத்துச் சம்மதமே இல்லாமல் திருட்டுத்தனமாகச் செய்தது கிடையாது. மகனே கூடப் பாடியிருக்கும்போது அதைக் குறை சொல்ல வெளியாளுக்கு உரிமை இல்லை. அதே வருஷம் 'லால் சலா'முக்காகப் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ரஹ்மான் இப்படிக் கொண்டுவந்தபோது, குடும்பங்களிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அது மரியாதைதான். கோபம் கேட்கிறவர்கள் மேல். 'மனசிலாயோ' கேட்டுக் கண்கலங்கினவர் அன்று ராத்திரியே 'கோவில்மணி ஓசை'யை, 'தங்கச் சங்கிலி'யை, 'ஒரு கூட்டுக் கிளியாக'வைத் தேடிப் போயிருந்தால் அந்தக் கண்ணீரை நம்பலாம். மனிதர் பாடி வைத்துவிட்டுப் போனதே ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. அதில் பத்தைக்கூட முழுதாகக் கேட்காதவருக்குப் பதினோராவதாக ஒரு பொம்மைக் குரல் எதற்கு?

'16 வயதினிலே' பாட்டுகள் பாடி 2027இல் 50 வருஷம் ஆகிறது. 1977 பாட்டுக்கெல்லாம் பாடகர் உரிமை செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், சட்டக் கணக்குப்படி அந்த டிசம்பரோடு அது முடிந்துவிடும். பொன்விழாவுக்கு இப்போதே மேடை போட ஆரம்பித்துவிடுவார்கள். பாரதிராஜாவைப் பேசுவார்கள், ராஜாவைப் பேசுவார்கள், மயிலையும் பரட்டையையும் சப்பாணியையும் பேசுவார்கள். நடுவில் யாராவது ஒருத்தர் ஒலிவாங்கியைப் பிடித்து, எஸ்.பி.பி.க்கு அன்றைக்குத் தொண்டை சரியில்லை என்று ஆரம்பிப்பார் பாருங்கள்.